அப்ரூவல் வொர்க்ஃப்ளோ: ‘சரி’யை வரைவதற்கு முன் ‘வேண்டாம்’

ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட் மென்பொருளில் அப்ரூவல் வைத்துக் கொடுங்கள் என்று யார் வந்து கேட்டாலும், கையில் ஒரே மாதிரிப் படம்தான் இருக்கும். இடது பக்கம் ‘தயார்’ என்று ஒரு கட்டம். நடுவில் ‘ஒப்புதலுக்கு’. வலது பக்கம் ‘முடிந்தது’. நடுநடுவே அம்புக்குறி. “அவ்வளவுதான் அக்கா, மேனேஜர் ஓகே சொன்னதும் அடுத்த கட்டத்துக்குப் போயிடணும்” என்பார்கள். பல வருடமாக இதுதான் என் வேலை. ஜிரா, ஆசானா, ஸ்மார்ட்ஷீட் என்று எந்தக் குழு எதில் வேலை செய்கிறதோ, அதில் அவர்களுடைய டாஸ்க் நகரும் வழியை அமைத்துக் கொடுப்பேன். அந்தப் படத்தை வாங்கிப் பார்த்ததும் நான் கேட்பது இதைத்தான்: மேனேஜர் வேண்டாம் என்று சொன்னால் டாஸ்க் எங்கே போகும்? அவர் ஒன்றுமே சொல்லாவிட்டால்?

பெரும்பாலும் பதில் தயாராக இருக்காது. “வேண்டாம்னு சொல்ல மாட்டார்” என்பார்கள். இல்லையென்றால் “போன் பண்ணிக் கேட்டுக்கலாம்” என்பார்கள். சரி சொல்லும் பாதையை எந்த மென்பொருளிலும் அரை மணி நேரத்தில் அமைத்துவிடலாம். ஒரு குழுவின் நாட்களைத் தின்பது மறுப்பும், பதில் வராமல் கிடக்கும் டிக்கெட்டும்தான் (டிக்கெட் என்றால் மென்பொருளில் ஒரு டாஸ்க்குக்கான பதிவு). அதனால் நான் எப்போதும் அந்த இரண்டிலிருந்து தொடங்குகிறேன்.

அதற்கு முன்னால் ஒன்றைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். ஒப்புதல் கொடுப்பவர் அந்தப் பட்டனை அழுத்தும் முன் எதைப் பார்ப்பார்? இதற்குத் தெளிவான பதில் இருந்தால்தான் அந்த இடத்தில் ஒப்புதல் வைக்கலாம். “எல்லாத்தையும் ஒரு தடவை பார்ப்பார்” என்பது பதில் ஆகாது. “அவருக்கும் தெரிஞ்சிருக்கணும் இல்லையா” என்று வந்தால் அவருக்கு வேண்டியது தகவல். ஜிராவில் அவரை வாட்ச்சராகச் சேர்க்கலாம், ஆசானாவில் கொலாபரேட்டராகச் சேர்க்கலாம். மெயில் போய்விடும், வேலையும் நிற்காது. தகவல் மட்டும் வேண்டியவர் கையில் பட்டனைக் கொடுத்துவிட்டால், அவருக்கும் சுமை, காத்திருப்பவருக்கும் சுமை. நான் அமைக்கப் போகும் இடங்களில் பாதி அப்ரூவல் இந்தக் கேள்வியிலேயே உதிர்ந்துவிடும். அதில் யாருக்கும் வருத்தம் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

ஒரு உதாரணம் சொல்கிறேன். ஒரு மார்க்கெட்டிங் குழு, அவர்கள் தயாரிக்கும் ப்ரோஷர்கள் அச்சுக்குப் போகும் முன் மூன்று பேர் பார்க்க வேண்டும்: சட்டப் பிரிவு, அந்தப் பொருளுக்குப் பொறுப்பானவர், பிராண்டைக் கவனிப்பவர். டிக்கெட்டின் தலைப்பு ‘ப்ரோஷர் அப்ரூவல்’. விவரத்தில் ‘ப்ளீஸ் அப்ரூவ்’ என்று ஒரே வரி. கூடவே 24 பக்கப் பிடிஎஃப். மூன்று பேருக்கும் இதே டிக்கெட்தான். என்ன நடக்கும்? சட்டப் பிரிவுக்காரர் 24 பக்கத்தையும் படிக்க நேரம் ஒதுக்க வேண்டும் என்று தள்ளிப்போடுவார். கடைசியில் படித்துவிட்டு அட்டையின் நீலம் கொஞ்சம் அடர்த்தி என்று கமெண்ட் போடுவார். பிராண்டைக் கவனிப்பவர் எழுத்துப்பிழை திருத்திக் கொடுப்பார். உத்தரவாத வாசகம் சட்டப்படி சரிதானா என்பதை மட்டும் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அதை மாற்றும்போது மென்பொருளில் நான் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. ஒரு டிக்கெட்டை மூன்று சப்-டாஸ்க்காகப் பிரித்தேன்; ஒவ்வொன்றுக்கும் ஒரு டெம்ப்ளேட். சட்டப் பிரிவுக்குப் போவதில் இப்படி இருக்கும்: “4-ஆம் பக்கத்து உத்தரவாத வாசகமும், கடைசிப் பக்கத்துப் பொறுப்புத் துறப்பும் இப்படியே அச்சாகலாமா?” பொருளுக்குப் பொறுப்பானவருக்கு: “9-ஆம் பக்கத்து அளவுகளும் எடையும் இப்போது விற்கும் மாடலுக்குச் சரியா?” பிராண்டுக்கு: “லோகோவைச் சுற்றி விட்ட இடமும், அட்டை வண்ணமும் கையேட்டின்படி இருக்கின்றனவா?” டிக்கெட் உருவாக்குபவர் பக்க எண்ணை நிரப்பாமல் அனுப்ப முடியாது. பக்க எண் கட்டாயப் புலம். அவ்வளவே. சட்டப் பிரிவிலிருந்து பதில் அன்று மதியமே வர ஆரம்பித்தது, ஏனென்றால் அவர் படிக்க வேண்டியது இரண்டு பத்தி. ஒரு கேள்விக்கு ஆம், இல்லை என்று பதில் சொல்வது மனிதருக்கு எளிது. ஒரு பிடிஎஃப்புக்கு ஆம் சொல்வது யாருக்கும் எளிதில்லை.

பட்டனின் பெயரையும் மாற்றிவிடுவேன். ஜிராவில் ஒரு நிலையிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் ட்ரான்சிஷனுக்கு என்ன பெயர் வேண்டுமானாலும் வைக்கலாம். ‘அப்ரூவ்’ என்று இருந்ததை ‘அச்சுக்கு அனுப்பலாம்’ என்று மாற்றினால், அழுத்துபவருக்கு அடுத்து என்ன நடக்கும் என்பது கண்முன்னே இருக்கும். ‘ரிஜெக்ட்’ இருந்த இடத்தில் ‘திருத்தத்துக்குத் திருப்பு’. ரிஜெக்ட் என்ற பட்டனை அழுத்தத் தயங்குகிற சீனியர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். எதிரில் இருப்பவர் மனசு கஷ்டப்படுமே என்று சும்மா விட்டுவிடுவார்கள். பெயர் மாறியதும் அந்தத் தயக்கம் குறைவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

சரி, மறுப்புக்கு வருவோம்.

மறுப்பில் இரண்டு வகை உண்டு. ‘இதைத் திருத்திக் கொண்டு வா’ என்பது ஒன்று. ‘இந்த வேலையே வேண்டாம், விட்டுவிடு’ என்பது இன்னொன்று. ஆசானாவில் ஒரு டாஸ்க்கை அப்ரூவல் வகையாகக் குறித்தால், ஒப்புதல், மாற்றம் தேவை, நிராகரிப்பு என்று மூன்று பதிலும் தனித்தனியாகவே வரும். ஜிராவில் அதை நாமே இரண்டு ட்ரான்சிஷனாக வரைய வேண்டும். சில கருவிகளில் ஒப்புதல், நிராகரிப்பு என்று இரண்டே பதில்தான் தயாராக இருக்கும். அங்கே திருத்தத்துக்குத் தனி ஸ்டேட்டஸ் வைக்காவிட்டால், ஒரு கமா தப்பாக இருந்த டாஸ்க்கும் அடியோடு கைவிடப்பட்ட டாஸ்க்கும் ஒரே சிவப்பு நிறத்தில் ஒரே வரிசையில் கிடக்கும். மாதக் கடைசியில் ரிப்போர்ட் எடுப்பவருக்கு எது எது என்று பிரிக்கவே முடியாது.

திருப்பி அனுப்பும் பட்டனை அழுத்தியதும் ஒரு சின்னத் திரை திறக்க வேண்டும். அதில் ஒரே ஒரு கட்டாயப் புலம். அதன் தலைப்பை ‘காரணம்’ என்று வைத்தால் ‘திருப்தி இல்லை’, ‘மீண்டும் பார்க்கவும்’ என்றுதான் எழுதுவார்கள். ‘என்ன மாற வேண்டும்?’ என்று வைத்துப் பாருங்கள். ‘மூன்றாவது பத்தியில் இரண்டு வருடம் என்று இருப்பதை ஒரு வருடம் என்று மாற்றவும்’ என்று எழுதுவார்கள். ஒரு புலத்தின் தலைப்புக்காக நான் இவ்வளவு மெனக்கெடுவதைப் பார்த்துச் சிலர் வியப்பார்கள். ஆனால் திருத்தம் செய்யப் போகிறவரின் அடுத்த ஒரு நாள் அந்த வரியில்தான் இருக்கிறது.

அடுத்து, திரும்பி வரும் டிக்கெட் யார் பெயரில் வரும்? இதை மறந்துவிட்டால், ஸ்டேட்டஸ் ‘திருத்தம்’ என்று மாறியிருக்கும், ஆனால் அசைனி, அதாவது டிக்கெட் யார் பொறுப்பில் இருக்கிறதோ அவர், இன்னும் மேனேஜராகவே இருப்பார். திருத்த வேண்டியவருடைய பட்டியலில் அது தெரியவே தெரியாது. ஜிராவில் ட்ரான்சிஷன் முடிந்ததும் தானாக நடக்கும் செயலாக, டிக்கெட்டை ரிப்போர்ட்டருக்கே, அதாவது அதைத் திறந்தவருக்கே, அசைன் செய்யும்படி வைக்கலாம். ஆனால் ரிப்போர்ட்டரும் வேலை செய்தவரும் ஒருவராகவே இருக்க வேண்டும் என்பதில்லை. பல குழுக்களில் டிக்கெட்டைத் திறப்பது ஒருங்கிணைப்பாளர், வேலை செய்வது வடிவமைப்பாளர். அதனால் ‘செய்தவர்’ என்று தனியாக ஒரு பயனர் புலம் வைத்து, ஒப்புதலுக்கு அனுப்பும் கணத்தில் அப்போதைய அசைனியின் பெயரை அதில் ஆட்டோமேஷன் மூலம் பதிந்துவிடுவேன். மறுப்பு வந்தால் டிக்கெட் நேராக அந்தப் பெயருக்கே போகும்.

மறுத்தபின் எந்தப் படிக்குத் திரும்ப வேண்டும் என்பது இதைவிடச் சிக்கலான விஷயம். மூன்று பேர் வரிசையாகப் பார்க்கிறார்கள், மூன்றாவது ஆள் திருப்பி அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். திருத்தியபின் மறுபடி முதல் ஆளிடமிருந்து ஆரம்பிக்க வேண்டுமா, நேராக மூன்றாவது ஆளிடம் போகலாமா? எப்போதும் முதலிலிருந்து என்று வைத்தால், ஒரு எழுத்துப்பிழைக்காக முதல் இரண்டு பேரும் திரும்பத் திரும்ப அதே பட்டனை அழுத்துவார்கள். நாலாவது தடவை பார்க்காமலே அழுத்துவார்கள். எப்போதும் நேராக மூன்றாவது ஆளிடம் என்று வைத்தால், சட்டப் பிரிவு பார்த்த வாசகம் பிறகு மாறிப் போனது சட்டப் பிரிவுக்கே தெரியாது. நான் வைப்பது இப்படி: திருப்பி அனுப்பும் திரையிலேயே ‘இந்த மாற்றத்தை மறுபடி பார்க்க வேண்டியவர்கள்’ என்று ஒரு தேர்வு. திருப்பி அனுப்புபவர்தான் அதைக் குறிக்க வேண்டும். திருத்துபவர் கையில் அந்தத் தேர்வை விடக் கூடாது. அவர் அவசரத்தில் இருப்பார், அதுவும் இயல்புதான்.

இனி, ஒன்றுமே சொல்லாதவர்கள். இதைப் பற்றி எனக்கு நிறையச் சொல்ல வேண்டும்.

ஒப்புதல் கொடுக்க வேண்டிய இடத்தில் ஒரு ஆளின் பெயர் இருக்க வேண்டுமா, ஒரு குழுவின் பெயரா? குழு என்று வைத்தால் யாராவது ஒருவர் பார்த்துவிடுவார் என்று எல்லோரும் நம்புவார்கள். ஐந்து பேர் இருக்கும் குழுவுக்குப் போன ரிக்வெஸ்ட் ஐந்து பேரின் மெயிலிலும் படிக்கப்பட்ட நிலையில் கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். ஒரு ஆள் என்று வைத்தால் அவர் விடுப்பில் போகும்போது எல்லாம் நிற்கும். எனக்குப் பிடித்தது: ஒரு ஆள், அவருக்கு ஒரு மாற்று ஆள், இரண்டும் டிக்கெட்டில் புலங்களாகத் தெரிய வேண்டும். மாற்று யார் என்பதை அந்த ஒப்புதலாளரே முன்கூட்டிக் குறித்துவைக்க வேண்டும். விடுப்பில் போகும் நாளன்று நினைவுபடுத்தினால் அது நடக்காது.

வேலைகளைத் தானாக ஓட்டும் கருவியான மைக்ரோசாஃப்ட்டின் பவர் ஆட்டோமேட்டில் அப்ரூவல் தொடங்கும்போதே வகையைக் கேட்கும். எல்லோரும் ஒப்புக்கொள்ள வேண்டும் என்பது ஒரு வகை. முதலில் பதில் சொல்பவரின் முடிவே முடிவு என்பது இன்னொரு வகை. முதல் வகையில் ஒருவர் மறுத்தாலே அத்துடன் முடிந்துவிடும், மற்றவர்களுக்காகக் காத்திருக்காது. இதைத் தெரிந்துகொண்டு வைப்பவர்கள் குறைவு. அதைவிட முக்கியம், அங்கே ஒரு ஃப்ளோ (தானாக ஓடும் வேலை வரிசை) ஒரு தடவை தொடங்கினால் 30 நாளுக்கு மேல் ஓடாது. பதில் வராத அப்ரூவல் அந்த 30 நாளோடு தானாகக் காலாவதி ஆகிவிடும். அதற்கு முன்பே ஓடும் ஒரு கிளையை நாம் வரைந்து வைத்திருந்தால் ஒழிய யாருக்கும் சத்தம் கேட்காது. காலாண்டு பட்ஜெட் மாதிரி மெதுவாக நகரும் விஷயங்களுக்கு 30 நாள் என்பது சீக்கிரம் வந்துவிடும். அந்தக் கெடுவுக்கு நன்றாக முன்பே, நாமே ஒரு கெடு வைத்து, அன்று என்ன நடக்கும் என்பதையும் எழுதிவைக்க வேண்டும்.

நினைவூட்டல் அனுப்புவதிலும் ஒரு முறை உண்டு. முதல் நினைவூட்டல் ஒப்புதலாளருக்கு மட்டும். அவருடைய மேலதிகாரியை அதில் சேர்த்தால் அது நினைவூட்டல் ஆகாது, புகார் ஆகிவிடும். ‘உங்கள் ஒப்புதலுக்காக 1 டாஸ்க் காத்திருக்கிறது’ என்று மென்பொருள் தானாக அனுப்பும் மெயிலை யாரும் திறப்பதில்லை. அதையே ‘இது வியாழக்கிழமைக்குள் கிடைக்காவிட்டால் அச்சகத்தில் நமக்கு ஒதுக்கிய நாள் போய்விடும்’ என்று டிக்கெட்டில் இருக்கும் தேதியை எடுத்துப் போட்டு அனுப்பினால் திறப்பார்கள். இதற்காகவே ‘தாமதமானால் என்ன ஆகும்’ என்று ஒரு புலம் வைப்பேன். அதை நிரப்ப முடியாத டிக்கெட்டுக்கு உண்மையில் அவசரம் இல்லை என்பதும் அங்கேயே தெரிந்துவிடும்.

கெடு தாண்டினால் தானாகவே ஒப்புதல் ஆகிவிடட்டும் என்று சில குழுக்கள் கேட்பார்கள். பணம், சட்டம், வாடிக்கையாளர் தகவல் இந்த மூன்றும் சம்பந்தப்பட்ட எதற்கும் இதை நான் அமைத்துக் கொடுப்பதில்லை. கேட்பவர்களிடம் ஏன் என்று உட்கார்ந்து பேசுவேன். பக்க வடிவமைப்பு, உள்ளறிக்கை மாதிரி விஷயங்களுக்குச் சரிதான், ஆட்சேபம் இல்லாவிட்டால் போகட்டும். ஆனால் அப்போதும் பதிவில் ஒப்புதலாளரின் பெயர் வரக் கூடாது. ‘கெடு முடிந்ததால் முன்னே சென்றது’ என்றுதான் வர வேண்டும். பார்க்காத ஒருவர் பார்த்ததாக ஒரு பதிவு சொன்னால், பின்னால் ஏதாவது பிரச்சினை வரும்போது அவர் செய்யாத ஒன்றுக்கு அவர் பதில் சொல்ல வேண்டிவரும். அது அநியாயம். ஆடிட்டர் வந்து கேட்கும்போதும் அந்த ஒரு வரிதான் உண்மையைச் சொல்லும்.

சரி சொன்னபிறகு என்ன? இங்கேயும் ஒரு ஓட்டை இருக்கிறது. ஒப்புதல் கிடைத்த டிக்கெட்டில், ஒப்புதல் கிடைத்தபின் யாரோ ஒரு எண்ணை மாற்றுகிறார். ஸ்டேட்டஸ் இன்னும் பச்சைதான். இந்த விஷயத்தில் மென்பொருள் எழுதுபவர்கள் மற்ற எல்லோரையும்விட முன்னே இருக்கிறார்கள். கோட் சேமித்துப் பகிரும் கிட்ஹப்பில் முக்கியமான பிராஞ்ச்சுக்கு (கோடின் ஒரு கிளைக்கு) இத்தனை ரிவ்யூ ஒப்புதல் வேண்டும் என்று விதி வைக்கலாம். அதன் கூடவே ஒரு தேர்வு உண்டு: ஒப்புதலுக்குப் பிறகு புதிதாகக் கோட் சேர்ந்தால் பழைய ஒப்புதல் தானாக ரத்தாகும். தன் புல் ரிக்வெஸ்ட்டுக்கு, அதாவது தன் மாற்றத்தைச் சேர்க்கச் சொல்லும் கோரிக்கைக்கு, தானே ஒப்புதல் கொடுக்கவும் முடியாது. இதே சிந்தனையைத்தான் ப்ரோஷருக்கும் பட்ஜெட்டுக்கும் கொண்டுவர வேண்டும் என்று நான் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

ஜிராவில், நிறுவனம் நிர்வகிக்கும் (கம்பெனி-மேனேஜ்டு) வகைப் ப்ராஜெக்ட்டாக இருந்தால், ஒரு ஸ்டேட்டஸின் பண்புகளில் ‘ஜிரா.இஷ்யூ.எடிட்டபிள்’ என்று ஒரு சாவியைச் சேர்த்து அதன் மதிப்பை ‘ஃபால்ஸ்’ என்று வைத்தால், அந்த நிலையில் இருக்கும்வரை டிக்கெட்டின் புலங்களை யாரும் திருத்த முடியாது. எனக்கு மிகவும் பிடித்த அமைப்பு இது. ‘ஒப்புதலுக்கு’, ‘ஒப்புதல் ஆனது’ இரண்டு நிலையிலும் வைத்துவிடுவேன். திருத்த வேண்டுமென்றால் டிக்கெட்டைப் பின்னால் இழுக்க வேண்டும். இழுத்தால் வரலாற்றில் பதியும். இப்படிப் பூட்டும் வசதி இல்லாத கருவியாக இருந்தால், முக்கியப் புலம் எது மாறினாலும் ஸ்டேட்டஸைத் திரும்ப ‘ஒப்புதலுக்கு’ என்று மாற்றும் ஆட்டோமேஷன் ஒன்று எழுதலாம். பூட்டு அளவுக்கு உறுதி இல்லை, ஆனாலும் வேலை செய்யும்.

இணைப்பாக எதைக் கொடுக்கிறோம் என்பதையும் கவனிக்க வேண்டும். ஆன்லைன் டாக்குமென்ட்டின் லிங்க்கைக் கொடுத்து ஒப்புதல் வாங்கினால், அந்த லிங்க்கின் பின்னால் இருப்பது நாளைக்கு வேறாக இருக்கும். அப்போது இருந்த பதிப்பை பிடிஎஃப்பாக எடுத்து இணைத்து, பதிப்பு எண்ணையும் டிக்கெட்டில் எழுதிவிட வேண்டும்.

இவ்வளவு அமைத்தபின்னும் டிக்கெட் ஒப்புதலைத் தொடாமலே தாண்டிப் போகும் சந்துகள் இருக்கும். முதல் சந்து, எந்த நிலையிலிருந்தும் இந்த நிலைக்கு வரலாம் என்ற பொது ட்ரான்சிஷன். ஜிராவில் ஒரு ஸ்டேட்டஸைச் சேர்க்கும்போது ஒரு டிக் போட்டால் அது உருவாகிவிடும். போர்டில் கார்டை இழுத்துப் போட வசதியாக இருக்கும் என்று எல்லாவற்றுக்கும் போட்டுவைப்பார்கள். ‘முடிந்தது’ என்ற நிலைக்கு அப்படி ஒரு வழி இருந்தால், நடுவில் நீங்கள் கட்டிய அத்தனையும் வெறும் அலங்காரம்தான். வொர்க்ஃப்ளோ வரைபடத்தைத் திறந்ததும் நான் முதலில் தேடுவது அந்தப் பொது அம்புக்குறியைத்தான்.

அப்புறம் கண்டிஷனும் வேலிடேட்டரும். இரண்டையும் ஒன்றாக நினைத்துக் குழப்பிக்கொள்பவர்கள் உண்டு. கண்டிஷன் பொருந்தாவிட்டால் பட்டனே கண்ணுக்குத் தெரியாது. வேலிடேட்டர் என்றால் பட்டன் தெரியும், அழுத்தியபின் பிழைச் செய்தி வரும். ‘யார் அழுத்தலாம்’ என்பதைக் கண்டிஷனில் வைக்க வேண்டும். அந்த உரிமை இல்லாதவர் பட்டனைப் பார்க்கத் தேவையில்லை. ‘எதை நிரப்பியபின் அழுத்தலாம்’ என்பதை வேலிடேட்டரில் வைக்க வேண்டும். என்ன குறைகிறது என்பது அவருக்குத் தெரிய வேண்டும் இல்லையா. இதை மாற்றி வைத்தால் “எனக்கு பட்டனே வரலையே” என்று காலையிலிருந்து போன் வந்துகொண்டே இருக்கும். வங்கிகளில் பதிவு செய்பவரும் சரிபார்ப்பவரும் வேறு வேறு ஆளாக இருக்க வேண்டும் என்ற மேக்கர்-செக்கர் முறைக்கும் ஜிராவிலேயே ஒரு கண்டிஷன் உண்டு: ஒரு குறிப்பிட்ட ட்ரான்சிஷனை ஏற்கெனவே செய்தவர் இந்த ட்ரான்சிஷனைச் செய்ய முடியாது. ஒப்புதலுக்கு அனுப்பியவரே ஒப்புதல் கொடுக்காமல் தடுக்க அது ஒன்றே போதும்.

ஆட்டோமேஷன் விதிகளும் ஏதோ ஒரு கணக்கின் பெயரில்தான் ஓடும். அந்தக் கணக்குக்கு ஒப்புதல் உரிமை இருந்தால், யாரோ எழுதிய ஒரு சின்ன விதி எல்லா டிக்கெட்டையும் தானாக ஒப்புக்கொண்டுவிடலாம். உரிமை இல்லையென்றால், கெடு தாண்டியதை நகர்த்த நீங்கள் எழுதிய விதி சத்தமில்லாமல் தோற்றுக்கொண்டே இருக்கும். இரண்டையும் ஆட்டோமேஷன் லாகில் போய்ப் பார்த்துவிட வேண்டும்.

எத்தனை படி வைக்கலாம் என்று கேட்பார்கள். என் பதில், முடிந்தவரை குறைவு. மென்பொருள் குழுக்களின் செயல்திறனை ஆராயும் டோரா ஆய்வுக் குழு 2019-இல் வெளியிட்ட அறிக்கையில், முக்கியமான மாற்றங்களுக்குக் குழுவுக்கு வெளியே உள்ள கமிட்டியோ மேலதிகாரியோ முறைப்படி ஒப்புதல் தர வேண்டும் என்றிருக்கும் நிறுவனங்கள், மென்பொருள் வெளியீட்டில் பின்தங்கிய பிரிவில் இருக்கும் வாய்ப்பு 2.6 மடங்கு அதிகம் என்று சொல்லியிருந்தார்கள். ஐடி சேவை நிர்வாகத்துக்கான ஐடிஐஎல் வழிமுறையிலும் எல்லா மாற்றத்தையும் ஒரே வரிசையில் நிறுத்தச் சொல்வதில்லை. அடிக்கடி நடக்கிற, ஆபத்து குறைந்த, செய்முறை எழுதப்பட்ட மாற்றம் ‘ஸ்டாண்டர்ட்’ வகை. அதற்கு ஒப்புதல் முன்கூட்டியே கொடுத்தாகிவிட்டது. ‘நார்மல்’ வகைக்குத்தான் பரிசீலனை. ‘எமர்ஜென்சி’க்குத் தனிப் பாதை. மென்பொருளுக்குச் சம்பந்தமே இல்லாத குழுவுக்கும் இந்தப் பிரிப்பு அப்படியே பொருந்தும். டிக்கெட் திறக்கும்போதே வகையைக் கேட்டுவிட்டு, ஸ்டாண்டர்ட் என்றால் ஒப்புதல் நிலையைத் தொடாமலே போக விடலாம்.

வைத்த படிகள் தேவைதானா என்று பார்க்க, ஒவ்வொரு படியிலும் டிக்கெட் எவ்வளவு நேரம் நின்றது, எத்தனை திரும்பி வந்தன என்ற இரண்டையும் சேர்த்துப் பார்ப்பேன். நீண்ட நேரம் நிற்கிறது, ஒன்றுகூடத் திரும்பவில்லை என்றால் அந்தப் படியை எடுத்துவிடலாமா என்று கேட்கலாம். ஆனால் எண்ணை மட்டும் வைத்து எடுத்துவிடக் கூடாது. ஒருவர் கண்டிப்பாகப் பார்ப்பார் என்று தெரிவதாலேயே கீழே இருப்பவர்கள் கவனமாகத் தயாரித்து அனுப்பும் இடங்களும் உண்டு. அங்கே மறுப்பே வராது, ஆனாலும் அந்தப் படி வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது. அந்த ஒப்புதலாளரிடமே போய், கடைசியாக எதைப் பார்த்து நின்றீர்கள் என்று கேட்டால் வித்தியாசம் தெரிந்துவிடும்.

சோதிப்பதற்கு அட்மின் கணக்கைப் பயன்படுத்தாதீர்கள். அட்மின் பெரும்பாலும் எல்லா ரோலிலும் இருப்பதால் எல்லா பட்டனும் தெரியும், எல்லாமே சரியாக இருப்பதாகத் தோன்றும். சாதாரண உரிமை மட்டும் உள்ள இரண்டு கணக்கு வேண்டும்: ஒன்று அனுப்புபவர், ஒன்று ஒப்புதலாளர். அவற்றில் முதலில் மறுத்துப் பாருங்கள், பிறகு பதிலே சொல்லாமல் கெடுவைத் தாண்டவிட்டுப் பாருங்கள், ஒப்புதலுக்குப் பின் ஒரு புலத்தைத் திருத்த முயன்று பாருங்கள். போனிலும் ஒரு தடவை திறந்து பாருங்கள். ஒப்புதலாளர்கள் பலர் கூட்டங்களுக்கு இடையில் போனில்தான் அழுத்துகிறார்கள், அங்கே அந்தக் கட்டாயப் புலம் திரைக்கு வெளியே போய்விட்டிருந்தால் திருப்பி அனுப்பவே முடியாது.

கடைசியாக ஒரு நடைமுறை விஷயம். ஓடிக்கொண்டிருக்கும் வொர்க்ஃப்ளோவை ஜிராவில் திருத்தும்போது, மாற்றங்களை வெளியிட்டால்தான் அவை நடைமுறைக்கு வரும். ஒரு ப்ராஜெக்ட்டுக்குப் புத்தம் புதிய வொர்க்ஃப்ளோவைப் பொருத்தினால், பழைய நிலைகளில் நிற்கும் டிக்கெட்டுகளைப் புதியதில் எந்த நிலைக்கு மாற்றுவது என்று கேட்கும். அந்தத் திரையில் அவசரமாக எல்லாவற்றையும் ‘தயார்’ என்று போட்டுவிடாதீர்கள். பாதி வழியில் ஒப்புதல் வாங்கிவிட்ட டிக்கெட்டுகளின் பட்டியலை முன்கூட்டியே ஃபில்டரில் எடுத்து வைத்துக்கொண்டு, யார் ஏற்கெனவே சரி சொல்லிவிட்டார்களோ அவர்களிடம் மறுபடி போகாதபடி ஒவ்வொன்றாக மாற்றுங்கள். புதிய அமைப்பின் முதல் நாளிலேயே, ஏற்கெனவே பார்த்து முடித்த டிக்கெட் திரும்ப வந்து நின்றால், அதற்கப்புறம் வரும் எந்த ரிக்வெஸ்ட்டையும் அவர்கள் மனம் வைத்துப் படிக்க மாட்டார்கள்.